விடுமுறைப் பயணமும் வாயில்லாப் பிராணிகளும்



அட்லாண்டாவைச் சுற்றி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் ஃப்ளோரிடாப் பேச்சு தொடங்கிவிடும். இவ்வாண்டு எங்கள் வீட்டிலும் தொடங்கிற்று. படுக்கை, அடுப்பு, கழிப்பறை அனைத்தும் உள்ளேயே அமைந்த ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓர்லாண்டோவிலுள்ள பிராணிப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர், கீழக்கரையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளின் உம்மும்மா என ஆறு பேர். அந்தத் திட்டத்தில் நாங்கள் எதையெல்லாம் பேணிப் பார்த்தோம், எதைப் பார்க்கத் தவறினோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சிக்கனம் கருதி ஆர்.வி. எடுக்க நினைப்பவர்கள் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அட்லாண்டாவிலிருந்து ஓர்லாண்டோ ஏறத்தாழ 440 மைல். நடுத்தர ஆர்.வி. ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் ஓடும். நாள் வாடகை போக, பல இடங்களில் மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி என்று வசூலிக்கிறார்கள். இரண்டு ஓட்டல் அறைகளே மலிவாக முடியலாம். நாங்கள் இவ்வண்டியை எடுப்பதற்குக் காரணம் அடுப்படி. ஹலால் உணவு கிடைக்குமா என்று ஒவ்வொரு ஊரிலும் கைப்பேசியில் தேடிக்கொண்டிராமல், உம்மும்மாவின் கைப்பக்குவத்தில் சோறு ஆக்கி உண்ணலாம். நேரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டித் தொழலாம்.

ஆனால் வாடகை வண்டியின் பாத்திரங்களில் முன்பு வந்தவர்கள் என்ன சமைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே சட்டி, கரண்டி, வெட்டுப்பலகை எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டு செல்கிறோம். நாய்களை ஏற்றாத வண்டி வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டு வாங்கினோம். எங்களில் ஒருவர் ஷாஃபி மத்ஹப், மற்றவர் ஹனஃபி. நாய் ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவும் ஷாஃபி வீட்டின் சிரமம் ஆர்.வி. எடுத்த பிறகு நினைவுக்கு வந்தால் பயன் இல்லை. (நாயை வெறுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தியை நம் பிள்ளைகள் மதரஸாவின் முதல் ஆண்டிலேயே படித்துவிடுகிறார்கள்.)

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் நன்னீர்த் தொட்டி ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். குழாயைத் திறந்துவிட்டபடி ஒருவர் ஒளுச் செய்தால் நான்கு லிட்டர் எளிதில் போய்விடும். ஆறு பேர், ஐந்து வேளை என்றால் ஒளுவுக்கு மட்டுமே 120 லிட்டர். கழிவுநீர்த் தொட்டியும் அதே வேகத்தில் நிரம்பும்; அதைக் காலி செய்யும் இடம் வரும்வரை கை கழுவவும் தயங்க வேண்டியிருக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுவுக்குப் பயன்படுத்திய ஒரு ‘முத்’ தண்ணீர், ஷாஃபி கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. வீட்டில் ஓடும் குழாயின் முன் நின்று நாம் மறந்துபோகும் அந்த அளவை இவ்வண்டி நினைவுபடுத்திவிடுகிறது. ஒரு சொம்பில் ஒளுச் செய்ய இப்போதே பிள்ளைகளைப் பழக்கி வருகிறோம்.

தொழுகைக் கணக்கு இன்னும் நுட்பமானது. சனிக்கிழமை புறப்பட்டு, ஜார்ஜியாவின் எல்லையிலுள்ள வால்டோஸ்டாவில் இரவு தங்கி, ஞாயிறன்று ஓர்லாண்டோ சேர்கிறோம். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால், ஷாஃபி மத்ஹபில் பயணியின் சலுகை நின்றுவிடும். ஆகவே திங்கள், செவ்வாய், புதன் மூன்றே நாள் முழுதாகத் தங்கி, வியாழன் காலை கிளம்புவதென்று வைத்துக்கொண்டோம். ஹனஃபியர்க்குப் பதினைந்து நாள் வரை கஸ்ரு உண்டு. ஆனால் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் ஜம்உ அவர்களுக்கு இல்லை. ஆக, எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் பூங்காவின் ஒரு மூலையில் அஸருக்காகத் தனியே விரிப்பை விரிப்பார்கள். கிப்லா அங்கே வடகிழக்கு. டிசம்பர் இறுதியில் மாலை ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால் மஃரிபை வண்டிக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. ஓடும் வண்டிக்குள் எழுந்து நின்று தொழ முயல்வது ஆபத்து என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறோம். ஆர்.வி.யானாலும் ஓடும்போது அனைவரும் இருக்கை வாரோடு அமர்ந்திருக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தோம். முகாமில் மூட்டும் தீயில் பிள்ளைகள் சுட்டுத் தின்ன ஆசைப்படும் மார்ஷ்மெல்லோவில் பன்றி ஜெலட்டின் இருக்கும் என்று ஹலால் கடையில் வேறு வாங்கி வைத்தோம். பிறகு இரவு உணவின்போது செவ்வாய்க்கிழமைக்கான ஓர்காத் திமிங்கிலக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னோம். நடுவிலுள்ள மகள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. மூத்த மகன், “வாப்பா, அந்தத் திமிங்கிலங்களை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று பார்த்தீர்களா?” என்று கேட்டான். நாங்கள் பார்த்திருக்கவில்லை.

அதன் பின் படித்தோம். ஓர்லாண்டோவின் கடல் பூங்காவான சீ வேர்ல்ட் 1973-இல் திறக்கப்பட்டது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்த திலிகும் என்ற ஆண் ஓர்கா 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்டபோது அதற்கு ஏறத்தாழ இரண்டு வயது. முதலில் அதைக் கனடாவின் விக்டோரியா நகரில் ஒரு சிறிய பூங்காவில் வைத்திருந்தார்கள். இரவுகளில் இரண்டு பெண் ஓர்காக்களோடு குறுகிய, இருண்ட அடைப்பில் அது கிடந்தது. 1991-இல் அங்கே ஒரு பயிற்சியாளர் தொட்டியில் விழுந்து இறந்த பிறகு, 1992-இல் அதை ஓர்லாண்டோவுக்குக் கொண்டுவந்தார்கள். 2010 பிப்ரவரியில் பார்வையாளர்கள் இருக்கும்போதே அனுபவமிக்க ஒரு பெண் பயிற்சியாளரை அது நீருக்குள் இழுத்துக் கொன்றது. 2013-இல் வெளியான ‘பிளாக்ஃபிஷ்’ என்ற ஆவணப்படம் இதைப் பற்றியதுதான். மகன் அதைப் பள்ளியில் பார்த்திருக்கிறான். ஓர்காக்களை இனி இனப்பெருக்கம் செய்வதில்லை என்று 2016 மார்ச்சில் நிறுவனம் அறிவித்தது. 2017 ஜனவரியில் திலிகும் இறந்தது. அதற்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அதில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தொட்டிகளில் கழிந்தவை.

ஓர்கா ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தக்கூடிய பிராணி. வட பசிபிக் கரையோரத்தில் பல ஆண்டுகள் ஆராயப்பட்ட ஓர்காக் குடும்பங்களில், வளர்ந்த மகனும்கூட வாழ்நாள் முழுதும் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிவதில்லை. இதைப் படித்தபோது எங்கள் நினைவுக்கு வந்தது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று விசாரித்து, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தத் தோழர்களும் பயணத்தில்தான் இருந்தார்கள் என்பது எங்களைச் சற்று உறுத்தியது.

பிராணிகளை அடைத்து வளர்ப்பதையே மார்க்கம் தடுக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சின்னப் பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விளையாட்டாக விசாரித்ததை நாமறிவோம். அதைக் கொண்டு, தீனியும் பராமரிப்பும் சரியாக இருந்தால் பறவையைக் கூண்டில் வைக்கலாம் என்று அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். மறுபக்கம், பூனையைக் கட்டிப் போட்டு, தானும் உணவளிக்காமல், அது தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் இருக்கிறது. அடைப்பது ஒன்று, அடைத்து வதைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர்காத் தொட்டியை எங்கே வைப்பது என்பதே கேள்வி. ஃபத்வா கொடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் மார்ஷ்மெல்லோவின் பின்பக்க எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்கும் நாம், பிராணிக் காட்சிக்குப் பணம் கொடுக்கும்போது ஒன்றும் கேட்பதில்லை என்பது எங்களை வெட்கப்படுத்தியது.

ஜும்ஆவுக்குப் பின் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். அதே பூங்காதான் படகில் அடிபட்ட மானட்டிக் கடற்பசுக்களையும் ஆமைகளையும் மீட்டு, குணப்படுத்தி, கடலில் திரும்ப விடுகிறது. டிக்கெட் பணம் இல்லாமல் அது நடக்குமா என்றார். உண்மைதான். தொட்டியில் பிறந்த ஓர்காக்களைக் கடலில் விட்டால் பிழைக்காது என்பதும், பழைய சர்க்கஸ் பாணிக் காட்சியை மாற்றி அவற்றின் இயல்பை விளக்கும் விதமாக இப்போது நடத்துகிறார்கள் என்பதும் சரியே. நாங்கள் போகாததால் அவற்றின் நிலை மாறப்போவதில்லை. ஆயினும் அந்த இருக்கைகளில் பிள்ளைகளோடு அமர்ந்து கைதட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. மீட்புப் பணிக்கு உதவ விரும்பினால் அதற்கு நேரடியாகவே கொடுக்கலாமே.

மகளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஹராம் என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் அவள் அடங்கியிருப்பாள். ஆனால் அது நேர்மையாகாது. குஞ்சுகளின் நிகழ்ச்சியைச் சொன்னோம். அவள் சிறிது நேரம் அழுதாள். பிறகு, டால்பினோடு நீந்துவதும் கூடாதா என்று கேட்டாள். அதையும் விட்டுவிட்டோம். நெடுஞ்சாலையோரங்களில் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுக்கும் இடங்களையும், முதலையோடு மல்லுக்கட்டும் காட்சிகளையும் சேர்த்தே நீக்கினோம். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை 2022 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளைக் கொண்டே அந்தத் தொழில் நடந்தது.

டிஸ்னியின் அனிமல் கிங்டம் மட்டும் திட்டத்தில் நிற்கிறது. 1998-இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில் திறந்த வண்டியில் போய், பரந்த நிலத்தில் ஒட்டகச்சிவிங்கி, யானை, காண்டாமிருகங்களைப் பார்க்கலாம். அவை வித்தை காட்டுவதில்லை. மரத்தின் பின்னே போய் நின்றுகொண்டால் காத்திருக்காமல் வண்டி போய்விடும். அங்கும் குறை இல்லாமலில்லை. திறப்பதற்கு முன்பே சில பிராணிகள் இறந்து, மத்திய வேளாண் துறை விசாரித்து விதிமீறல் இல்லை என்று முடித்தது. எவ்வளவு அகன்றாலும் அடைப்பு அடைப்புதான். அபூ உமைரின் பறவையின் பக்கம் இது நெருக்கமாக இருப்பதாக எங்கள் மனம் சொல்கிறது. வேறு குடும்பத்தார் வேறு முடிவுக்கு வரலாம். ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற டிஸ்னியின் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டால் பூங்காவுக்கு அவர்களின் பேருந்திலேயே போய்வரலாம். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் சிரமம்.

செவ்வாய்க்கிழமை இப்போது முகாமில் ஓய்வு நாள். டிக்கெட்டுக்கு வைத்திருந்த நேரத்தை வியாழனுக்கு மாற்றியிருக்கிறோம். ஓர்லாண்டோவுக்கு வடக்கே ஆரஞ்ச் சிட்டி அருகே புளூ ஸ்பிரிங் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. அதன் ஊற்றுநீர் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸில் இருப்பதால், குளிர்காலத்தில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலிருந்து மானட்டிகள் தாமாகவே அங்கு வந்து ஒதுங்குகின்றன. 1970-களில் சில டஜன்தான் எண்ணப்பட்டன. இப்போது குளிர் மிகுந்த நாளில் பல நூறு கூடுகின்றன. கரையோர மரப்பாதையில் நின்று பார்க்கலாம். அவை இருக்கும் காலத்தில் நீரில் இறங்கக் கூடாது, உணவு போடக் கூடாது. வண்டிக்குச் சில டாலர்தான் கட்டணம்.

இதைக் கேட்டதும் உம்மும்மாவின் முகம் மாறிவிட்டது. நம் பாக்கு நீரிணையின் ஆவுளியா இந்த மானட்டியின் நெருங்கிய இனம். 2022-இல் தமிழக அரசு அதற்கென 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. சிறுமியாக இருந்தபோது கீழக்கரைக் கரையில் வலையில் சிக்கி இறந்த ஓர் ஆவுளியாவைப் பார்த்ததாகவும், உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்கள். பேத்தி அவர்களிடம் அது எவ்வளவு பெரிது, பல் உண்டா, குட்டி எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வாயில் காலை எட்டு மணிக்குத் திறக்கும். குளிர்கால நாட்களில் இடம் நிரம்பியதும் மூடிவிடுவார்கள் என்பதால், ஃபஜ்ரு தொழுத கையோடு முகாமிலிருந்து கிளம்ப வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைப் புதன் இரவே காலி செய்துவைப்பதாக மூத்தவன் பொறுப்பேற்றிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.