கடிகாரத்தில் ராகு எங்கே?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நின்றுபோன கடிகாரத்தைப் பழுது பார்க்க நகரத்துக்குப் புறப்படும் நம் தோழர்களில் சிலர், அதற்கும் ராகுகாலம் பார்த்தே படி இறங்குகிறார்கள். இதைக் கண்டு சிரிப்பதா, அழுவதா?

பழுது பார்ப்பவர் செய்வது யாது? கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்தி, மூடியைத் திறந்து, சக்கரங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறார். காய்ந்த எண்ணெயைக் கழுவி, ஊசிமுனையளவு புது எண்ணெய் இடுகிறார். பனியும் ஈரமும் நிறைந்த மலையாதலால் துரு ஏறியிருக்கிறதா என்றும் தேடுகிறார். சாவி கொடுத்த ஸ்பிரிங் சக்கரங்களைத் தள்ளுகிறது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் பாலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அசைந்து அவ்வேகத்தை அளந்து விடுகிறது. இதற்குள் ராகு எங்கே? எமகண்டன் எந்தப் பல்லில் ஒளிந்திருக்கிறான்? பல் முறிந்தால் பரிகாரம் வேறு சக்கரமேயன்றி எலுமிச்சம்பழமன்று.

நிற்க. 1942-ல் ஜப்பானியர் மலாயாவின் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கென்று ஒன்றரை மணி முன்னே தள்ளினர். 1945-ல் அவர்கள் தோற்றதும் முள் பின்னே வந்தது. 1982 ஜனவரி 1-ல் தீபகற்ப மலேசியாவில் அரைமணி மீண்டும் முன்னே போயிற்று. இத்தனை முறையும் ராகு எந்தச் சர்க்கார் உத்தரவைப் படித்துத் தம் வேளையை மாற்றிக்கொண்டார்?

திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலமென்பது, 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் பகலை எட்டாய்ப் பங்கிட்ட கணக்கு. இம்மலையிலோ சூரியன் உதிப்பதே 7 மணியையொட்டி! உதயத்திலிருந்து எண்ணிக்கொள்ளலாமே என்பர் சோதிடர். அப்படியாயின், அச்சிட்ட நாட்காட்டியை நம்பி, மெய்யான ராகுகாலத்திலேயே தாலி கட்டிய குடும்பங்களெல்லாம் அழிந்தா போயின?

1929-ல் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டு இம்மலைகளில் பெரட்டுக்கு மணி அடித்தபோது, "ராகுகாலம் கழியட்டும்" என்று வீட்டில் நின்ற தொழிலாளி உண்டா? துரையின் வேலைக்குக் குறுக்கே வராத ராகு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லும்போதும் மட்டும் வாசலை மறிப்பதேன்? ஒன்றரை மணி நேரத் தாமதத்தில் ஓர் உயிர் போனால், அதை எந்தச் சோதிடர் திருப்பித் தருவார்?

தோழர்களே! கடிகாரம் பழுதானால் கடைக்குக் கொடுக்கிறோம். நம் அறிவில் ஏறிய துருவை நாமேதான் துடைக்கவேண்டும். அதற்கு நல்ல வேளை பார்க்கவேண்டாம், இப்பொழுதே தொடங்குவோம்.