சும்மா கிடக்க ஓரிடம்

"ஓய்வுல என்னய்யா அரசியல் இருக்கு? படுத்தா தூக்கம் வருது, அவ்வளவுதானே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படுக்க இடம் உள்ளவர்கள் கேட்கிற கேள்வி அது. எங்கே படுப்பது, யாராவது வந்து எழுப்பிவிடுவார்களா என்று ஒருநாளும் யோசித்திராதவர்களுக்கு ஓய்வு என்பது காற்று மாதிரி, கடல் மாதிரி, தானாகவே கிடைக்கிற ஒன்றாகத் தெரியும். நமக்கு அப்படித் தெரிய நியாயமில்லை. ஓய்வும் பங்கிடப்பட்ட பொருள்தான். நிலத்தைப் போல, தண்ணீரைப் போல.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம். அமெரிக்காவில் கனடா எல்லையோரம் மெயின் மாநிலத்தில் தொடங்கும் யூ.எஸ். 1 நெடுஞ்சாலை, ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் ஓடி ஃபுளோரிடாவின் தென்முனையில் கீ வெஸ்ட் தீவில் முடிகிறது. கடைசி 180 கிலோமீட்டர் கடலுக்கு நடுவே. தீவு, பாலம், தீவு, பாலம் என்று போகும். நாள்கணக்கில் வண்டி ஓட்டிக் களைத்து வருகிறவர்கள் இந்த வெப்பமண்டலத் தீவுகளில் கூடாரம் அடித்து, ஒரு முழு நாள் வண்டியைக் கிளப்பாமல் கிடப்பார்கள். அப்படித் தங்குமிடத்தை கேம்ப்கிரவுண்ட் என்கிறார்கள். பஹியா ஹோண்டா போன்ற அரசுப் பூங்காக்களில் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தால்தான் இடம்.

அந்த ஒரு நாள் எப்படி இருக்கும்? இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டிக்கொள்ளலாம். துவைத்த துணியைக் கயிற்றில் போட்டுவிட்டு அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உடும்பு மாதிரி இகுவானா ஒன்று வெயில் காயும். கம்போ லிம்போ என்றொரு மரம் உண்டு. பட்டை செவசெவ என்று உரிந்து தொங்கும். வெயிலில் வெந்து தோலுரிந்த வெள்ளைக்காரப் பயணியைப் போல இருக்கிறதென்று அதற்கு 'டூரிஸ்ட் மரம்' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். தோலை வைத்துச் செய்த கேலி. அந்த மண்ணில் தோலை வைத்துச் செய்ததெல்லாம் கேலியோடு நின்றுவிடவில்லை.

நான் வங்கியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பக்கம் வரவு என்று கண்டால், மறுபக்கம் யார் தலையில் பற்று என்று தேடுவது தொழில் புத்தி. தூளியில் கிடக்கும் அந்த ஒரு நாளுக்கும் மறுபக்கம் உண்டு.

முதலில் பாதை. 1912இல் இந்தத் தீவுகள் வழியாகக் கீ வெஸ்ட் வரை ரயில் போட்டது ஃபிளாக்ளர் என்ற முதலாளியின் கம்பெனி. பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த கறுப்புக் கூலிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கொசுக்கடியில் கிடந்து போட்ட பாதை அது. பிறகு கார்களுக்குச் சாலை போட வந்தவர்களில் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பி வேலையற்றுப்போன சிப்பாய்கள் இருந்தார்கள். கூடாரத்திலும் பலகைக் கொட்டகையிலும் அவர்களைத் தங்கவைத்தது அரசு. 1935 செப்டம்பர் 2 அன்று பெரும் புயல் வந்தது. மீட்கப் புறப்பட்ட ரயில் தாமதமாக வந்தது. வந்த ரயிலின் பெட்டிகளையும் கடல் தண்டவாளத்திலிருந்து தள்ளிவிட்டது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்துப்போனார்கள். உடைந்த ரயில்பாதையின் மேல்தான் 1938இல் இன்றைய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. விடுமுறைக்காரரின் கூடாரத்துக்கு முன்னால் அங்கே கூலிக்காரரின் கூடாரம் இருந்தது. அது காற்றோடு போயிற்று.

சரி, பாதை வந்தது. யார் அதில் போனார்கள்? காசு சேர்த்துக் கார் வாங்கிய கறுப்பர்கள் போனார்கள். பஸ்ஸில் பின்சீட்டு, ரயிலில் தனிப்பெட்டி என்ற அவமானத்திலிருந்து தப்பிக்கக் கார் ஒரு வழி. ஆனால் கார் ஓடும்வரைதான் சுதந்திரம். நின்றால்? எங்கே சாப்பிடுவது, எங்கே ஒண்ணுக்குப் போவது, எங்கே படுப்பது? சாப்பாட்டுக் கூடை, தண்ணீர், கம்பளி, கூடுதல் பெட்ரோல், சிறுநீர் கழிக்க ஒரு டப்பா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். சிலர் டிரைவர் தொப்பி ஒன்றையும் வண்டியில் வைத்திருந்தார்கள். போலீஸ் மறித்தால், "இது எங்க முதலாளி வண்டிங்க" என்று சொல்லித் தப்பிக்க. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று பலகை வைத்த ஊர்கள் வழியெங்கும் இருந்தன.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், 1936இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். கறுப்பருக்கு எந்த ஊரில் எந்த வீடு கதவு திறக்கும், எந்தக் கடையில் சோறு கிடைக்கும் என்று பட்டியல். 'கிரீன் புக்' என்று பெயர் பெற்று, எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளில்கூட விற்றது. இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று தன் புத்தகத்திலேயே எழுதிவைத்த பதிப்பாளர் அவர். ஒரு தபால்காரர் செய்த வேலை இது. அரசு என்ன செய்தது? வர்ஜீனியாவின் ஷெனாண்டோ தேசியப் பூங்காவில் 1939இல் லூயிஸ் மவுண்டன் என்ற இடத்தைக் கறுப்பர்கள் தங்குவதற்கென்று தனியாகத் திறந்தது. காட்டுக்குள்ளேயும் சேரி.

இனி, கடல். ஃபுளோரிடாவின் மயாமியில் கடற்கரையெல்லாம் வெள்ளையருக்கு. அங்கே ஹோட்டல் கூட்டவும் சமைக்கவும் கறுப்பர் வேண்டும். குளிக்க மட்டும் கூடாது. 1945 மே 9 அன்று ஹாலோவர் கடற்கரையில் சில கறுப்பர்கள் துணிந்து தண்ணீரில் இறங்கினார்கள். வழக்கறிஞர் லாசன் தாமஸ் ஜாமீன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். கைது செய்தால் வழக்கு வரும், வழக்கு வந்தால் நாறும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. கைது செய்யவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 1 அன்று வர்ஜீனியா கீ என்ற தீவின் கடற்கரை கறுப்பருக்கென்று திறந்துவிடப்பட்டது. பாலம் 1947இல்தான் வந்தது. அதுவரை படகில் போனார்கள்.

இது வெற்றியா, தந்திரமா? இரண்டும்தான். உங்களுக்குத் தனிக் கடல் கொடுத்தாயிற்று, எங்கள் கடல் பக்கம் வராதீர்கள் என்பது தந்திரம். ஆனால் போன சனம் அதைத் தனதாக்கிக்கொண்டது. ராட்டினம், குட்டி ரயில், இரவு தங்கக் குடில்கள். ஞானஸ்நானம்கூட அந்தக் கடலில் நடந்தது. யாரும் முறைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். அந்தக் கிடத்தலுக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருந்தது.

இதை வாசிக்கும்போது நமக்கு வேறொரு பயணம் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. 1934இல் அண்ணல் அம்பேத்கரும் தோழர்கள் முப்பது பேர் அளவிலும் வேரூல் குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போனார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை வாசலில் இறங்கி, வழிப்புழுதி போகக் குளத்தில் முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டதென்று கூட்டம் கூடிவிட்டது. பிறகு கோட்டைக்குள் போனபோதும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளக் கூடவே ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்பு பரோடாவில் தங்கியிருந்த விடுதியிலிருந்து விரட்டப்பட்டபோது, ரயில் நேரம்வரை அவர் உட்கார்ந்திருக்கக் கிடைத்த இடம் ஒரு பொதுப்பூங்கா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவருக்குச் சொந்த நாட்டில் இளைப்பாறக் கிடைத்தது மரத்தடி மட்டும். கிரீன் புக்கின் பக்கங்களை அவரும் எழுதியிருக்கலாம். பயணக் களைப்பு எல்லா உடம்புக்கும் ஒன்றுதான். களைப்பாற விடுவதில்தான் சாதியும் நிறமும் வந்து நிற்கின்றன.

1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய புகழ்பெற்ற உரையில், நெடும்பயணக் களைப்போடு வருகிறவர்களுக்கு நெடுஞ்சாலை விடுதிகளில் இடமில்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டு. ஓட்டுரிமையோடு சேர்த்து அதையும் கேட்டார். 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அட்லாண்டாவில் 216 அறை கொண்ட விடுதிக்காரர் ஒருவர், கறுப்பருக்கு அறை கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். டிசம்பரில் தோற்றார். கிரீன் புக்கும் அத்துடன் இரண்டு மூன்று வருடங்களில் நின்றுபோயிற்று.

கதை முடிந்ததா? இல்லை. வர்ஜீனியா கீ கடற்கரையை, பராமரிக்கக் காசில்லை என்று 1982இல் நகராட்சி மூடிவிட்டது. தனியார் கைக்குப் போய்விடுமோ என்று சனங்கள் திரும்பவும் கூடிப் போராடித்தான் 2008இல் அது மறுபடி திறந்தது. பக்கத்திலேயே பிஸ்கேன் வளைகுடாவில் இன்னொரு கதை. இஸ்ரேல் ஜோன்ஸ் என்ற கறுப்பர் 1897இல் ஒரு தீவு வாங்கி எலுமிச்சையும் அன்னாசியும் போட்டார். மகன் லான்ஸ்லாட் ஜோன்ஸ் மீன்பிடி வழிகாட்டி. அந்தத் தீவுகளில் நகரம் கட்டக் கட்டடக் கம்பெனிகள் துடித்தன. அவர் அவர்களுக்குக் கொடுக்காமல் 1970இல் தேசியப் பூங்காத் துறைக்கு விற்றார். இன்று அந்தப் பூங்காவின் தீவுகளில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்துக் கிடக்கலாம். ஓய்வு மறுக்கப்பட்ட இனத்தில் பிறந்த ஒருவர் எல்லோருக்கும் விட்டுப்போன ஓய்விடம் அது.

ஆனால் இன்னொரு கூடாரமும் இருக்கிறது. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீடற்றவர் பொதுவெளியில் படுத்துறங்கினால் தண்டிக்கலாம், அது கொடுமையான தண்டனை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் ஃபுளோரிடாவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பொது இடத்தில் கூடாரம் அடிக்கவோ படுத்துறங்கவோ ஊராட்சிகள் அனுமதிக்கக் கூடாது. ஒரு விலக்கு உண்டு. அதற்கென ஒதுக்கிய இடத்தில் பொழுதுபோக்குக்காக முகாமிட்டால் சட்டம் தொடாது. பதிவும் இன்ஷூரன்ஸும் உள்ள வண்டியில் படுத்தாலும் தொடாது. பார்த்தீர்களா? அதே துணி, அதே நாலு குச்சி, அதே மண். பொழுது போகாமல் படுத்தால் விடுமுறை. வேறு போக்கிடம் இல்லாமல் படுத்தால் குற்றம். நிறத்தின் பெயரைச் சட்டம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கறுப்பர். வீடற்றோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பர்.

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சோறு, வேலை, நிலம் என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, கூடாரம் போட்டுப் படுப்பதைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஹாலோவரில் கடலுக்குள் இறங்கியது எப்போது? பள்ளிக்கூடப் பாகுபாட்டை எதிர்த்த தீர்ப்புக்கு 9 வருடம் முன்பு, மான்ட்கமரி பஸ் போராட்டத்துக்கு 10 வருடம் முன்பு. எல்லாம் கிடைத்தபின் கடைசியில் ஓய்வு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. உழைக்கும்போது நம் உடம்பை எல்லோரும் சகித்துக்கொள்வார்கள், உழைப்பு அவர்களுக்கு வேண்டுமே. அதே உடம்பு ஒரு வேலையும் செய்யாமல் மர நிழலில் காலை நீட்டினால்தான் கண்ணை உறுத்தும். "இவனுக்கு இங்கென்ன வேலை?" என்று கேட்பார்கள். வேலை இல்லை ஐயா, சும்மா இருக்கிறேன் என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் சமத்துவம் வந்திருக்கிறது என்று நம்பலாம். சட்டப்புத்தகத்தைவிடப் பூங்கா பெஞ்சு அதைச் சரியாகச் சொல்லும்.

வங்கியில் எங்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. யாரும் இரக்கப்பட்டுத் தந்ததில்லை. சங்கம் உட்கார்ந்து பேசி வாங்கியது. மயாமிக் கடலும் அப்படி வாங்கியதுதான். கோரிக்கைப் பட்டியல் எழுதுகிற மாணவத் தோழர்கள் கல்வி, நிலம், வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். அதே பக்கத்தில், அதே மசியில், பொது மைதானமும் கரையும் நிழலும் பயணத்தில் படுக்க இடமும் எல்லோருக்கும், காசில்லாதவருக்கும் சேர்த்து, வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி வரியாக வேண்டாம். நடுவிலேயே எழுதுங்கள்.