கடலுக்குக் கொடுத்ததை மலைக்கும் கொடுங்கள்

பௌர்ணமிக்கு முதல் நாள் பொழுது சாயும் வேளையில், தறிக்குழியை விட்டெழுந்த இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுகூடி, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வேன் பேசிக்கொண்டு, செய்யாறு மார்க்கமாகப் பர்வதமலைக்குப் புறப்படுவது காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்காத சாதாரண சம்பவம். மாசி பிறந்துவிட்டால் அதே வேன் மேற்கே வெகுதூரம் ஓடிப் பூண்டி அடிவாரத்தில் நிற்கும். ஏழு மலை ஏறி வெள்ளியங்கிரி ஆண்டவரைத் தரிசிக்க வனத்துறை அனுமதிப்பது பிப்ரவரி முதல் மே வரைக்குமே. மலையேற்றம் பட்டணத்துக் கனவான்களின் விநோதப் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் நம் ஜனங்களை அறியாதவர்கள். நம்மவர்களுக்கு அது யாத்திரை. ஆனால் வழுக்குப் பாறையும் காட்டாறும் யாத்திரிகன் என்று பார்த்து விட்டுவிடுவதில்லை. சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது பக்தர்களைத்தான்; வெள்ளியங்கிரிச் சரிவுகளில் மூச்சுத் திணறியும் மாரடைத்தும் இறந்துபோகிறவர்களும் பக்தர்களே.

இப்படிப் போகிறவர்களின் கையில் மூங்கில் தடியும், பையில் டார்ச்சும் குளுக்கோஸ் பொட்டலமும், சட்டைப் பையில் கைபேசியும் இருக்கும். டவர் கிடைக்காத இடத்திலும் இனிமேல் ஆகாய மார்க்கமாகச் செய்தி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை அந்தக் கைபேசியின்மேல் சமீப காலமாகப் படர்ந்து வருகிறது. அது முழுப்பொய்யும் அன்று. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14 வைத்திருந்தவர்களுக்கு, குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியாக அபயச் செய்தி அனுப்பும் வசதி முதன்முதலாகக் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்துக் கூகுளின் பிக்சல் 9-லும் அத்தகைய வசதி வந்தது. ஆனால் அதே ஐபோனை மாதத் தவணையில் நம் ஊரில் வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. யூடியூபில் அமெரிக்க விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையில் உள்ளதும் அதுதானே என்று நினைத்து மலை ஏறுகிற பையனிடம் இதை யாரும் சொல்வதில்லை. போன் விற்கிற கடைக்காரருக்கு அது அவசியமும் இல்லை.

நாளைக்கே நம் நாட்டில் அந்த வசதி கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், உயிரை அதனிடம் ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை. கைபேசிக்குள் அடங்கிய சிற்றாண்டெனா சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்தோடும் கோளை எட்ட வேண்டுமானால், திரை காட்டும் திசையிலே போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெட்டவெளியில் அரை நிமிஷத்தில் போகக்கூடிய செய்தி மரநிழலின் கீழே இன்னும் தாமதிக்கும், அடர்ந்த சோலைக்குள் போகாமலே நின்றுவிடவும் கூடும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத் தூறலில் நனைந்த விரலைத் தொடுதிரை ஏற்க மறுக்க, கால் பிசகி விழுந்தவன் அருகே முனக, அடிவாரத்திலிருந்து பாட்டுக்கும் படத்துக்கும் டார்ச்சுக்கும் உழைத்துக் களைத்த பாட்டரி நான்கு சதவிகிதம் என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருக்க, வானத்தில் எந்தப் பக்கம் கோள் இருக்கிறது என்று தேடுகிற நிலைமையை வாசகர்கள் சற்றே கற்பனை செய்து பார்க்கலாம். இதற்கென்றே பிரத்தியேகமாகச் செய்யப்பட்ட கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ நூறு கிராம் எடையுள்ளது. கட்டை விரல் போன்ற ஆண்டெனா அதன் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துருவத்திலிருந்து துருவம் வரை பூமியைச் சுற்றிவரும் இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்களோடு அது பேசும். தவறிப்போய் அழுத்திவிடாதபடி மூடியிட்ட அபாயப் பொத்தான் ஒன்று, பல நாள் தாங்கும் பாட்டரி ஒன்று, அவ்வளவுதான் அதன் ஐசுவரியம். கோர்வைச் சேலை நெய்கையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் வெவ்வேறு நாடா என்று மூன்று நாடா ஓட்டுகிற ஊரில், ஒரு காரியத்துக்கென்று தனிச் சாதனம் ஏன் என்பதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. பத்துப் பேரில் ஒருவரிடமும் தனிக்கருவி இராது. பத்துப் பேரிடமும் போன் இருக்கும். கருவியின் விலையும் அதற்குமேல் கட்டவேண்டிய சந்தாவும் நெசவுக் கூலியில் அடங்குகிற தொகைகள் அல்ல. அதைவிடப் பெரிய இடைஞ்சல், அதை வைத்திருப்பதே குற்றம் என்பது. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும் 1933ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு, துரையா, இரிடியம் ஆகிய இரண்டு செயற்கைக்கோள் நிறுவனங்களின் கருவிகளையும் அனுமதியின்றி வைத்திருப்பதை அரசாங்கம் தடுத்து வந்திருக்கிறது. 2008-இல் பம்பாயைத் தாக்க வந்தவர்கள் செயற்கைக்கோள் போனோடு வந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த அச்சத்தை அநாவசியம் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் வெளிநாட்டுப் பிரயாணி ஒருவரை, சட்டைப் பையில் அடங்கும் இன்ரீச் கருவிக்காக 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் நிறுத்தி வழக்குப் போட்டதைப் படித்தபோது, ஆயுதத்தையும் அபயமணியையும் பிரித்தறிய நம் சட்டத்துக்கு இன்னும் கண் திறக்கவில்லை என்றே தோன்றியது.

இந்தச் சிக்கலைச் சமுத்திரத்தில் நாம் ஏற்கெனவே ஓரளவு அவிழ்த்துவிட்டோம் என்பதுதான் ஆச்சரியம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவெடுத்தபோது, ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சிறிது தூரமே எட்டும் வயர்லெஸ் அவர்கள் இருந்த இடத்துக்கு எட்டாது. எத்தனையோ குடும்பங்களுக்கு உடல்கூடத் திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் இஸ்ரோவின் இருவழிச் செய்திக் கருவி படகுகளில் ஏறியது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு கடலோர மாநிலங்களின் ஒரு லட்சம் படகுகளுக்கென்று 364 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டமும் அதன் தொடர்ச்சியே. படகின் மேல்தளத்தில் ஒரு சிறு பெட்டி. மீனவரின் சாதாரணப் போன் புளூடூத் வழியே அந்தப் பெட்டியோடு பேசும். பெட்டி ஆகாயத்தோடு பேசும். போனா தனிக்கருவியா என்று உலகம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று நம்மவர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி பேசும் கோள் 2015-இல் ஏவப்பட்ட ஜிசாட்-6. பூமியில் உள்ள சாதனம் சிறியதாக இருந்தாலும் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஆறு மீட்டர் அகலத்துக்கு விரியும் ஆண்டெனாவை அதில் வைத்தார்கள். அது நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகைக்கு நேர்மேலே. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பார்த்தால் உச்சி வானத்துக்குச் சற்றே தாழ்ந்த இடம். ஆதலால் இருபுறமும் மலை எழும்பிய பள்ளத்தாக்குகூட அதைப் பெரும்பாலும் மறைக்காது. கோளும் நம்முடையது, செய்தி இறங்கும் நிலையமும் நம்முடையது. 2008-இன் அச்சத்துக்கு இங்கே இடம் குறைவு. துணையாக 2018-இல் ஏவிய ஜிசாட்-6ஏ தொடர்பறுந்து வீணாகிவிட்டது என்பதையும், மூத்ததற்கு வயதாகிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டாம்; மாற்றுக் கோளுக்கு வழி தேடுவதும் இதோடு சேர்ந்த காரியந்தான்.

ஒக்கிக்கு மூன்றரை மாதம் கழித்து, 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேறிகள் 23 பேர் மாண்டார்கள். கையில் எந்தக் கருவி இருந்திருந்தாலும் அவர்கள் அனைவரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். காய்ந்த போதைப்புல்லில் பற்றிய நெருப்பு பதில் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆனால் கடலில் நேர்ந்த சாவு கருவியைக் கொண்டுவந்தது. மலையில் நேர்ந்த சாவு கொண்டுவந்தது பெரும்பாலும் விதிமுறைகளை. பின்னர் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கி, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது, மனமாரப் பாராட்டத்தக்கது. அந்த வழிகாட்டியின் தோளில் ஜிசாட் பெட்டியின் சிறு வடிவம் ஒன்று தொங்க வேண்டும். அனுமதி வனத்துறையின் பெயரில் இருக்கட்டும், செலவு மலையேற்றக் கட்டணத்தில் சேரட்டும். வெள்ளியங்கிரி போன்ற மலைகளில் யாத்திரையாக ஏறுகிறவர்கள் பெரும்பாலும் வழிகாட்டியோடு போவதில்லை. அங்கே பாதையோரத்தில் இரண்டு மூன்று இடங்களில் அதை நிலையாகப் பொருத்திவிடலாம்.

பொத்தானை அழுத்தினால் செய்தி எங்கே போகும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. அமெரிக்காவில் அதை ஏற்று, வினவி, மீட்புப் படைக்குச் சொல்ல இரவு பகலாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு அது வனச்சரக அலுவலகத்துக்கும் 108-க்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல், ராத்திரியில் நான்கு மலை ஏறி நோயாளியை டோலியில் கட்டி இறக்கத் தெரிந்த மலைவாசிகளின் ஊருக்கும் போக வேண்டும். அவர்களுக்குரிய கூலியையும் அந்த அனுமதி உத்தரவிலேயே எழுதிவிடுவது நல்லது.