குப்பாயம் வாங்கிய ஊரும் குடியுரிமை இல்லாத சனமும்

2024 டிசம்பர் 19 அன்று முல்லைத்தீவு மாவட்டம் முள்ளிவாய்க்கால் கரையோரம் ஒரு படகு வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். அவர்களில் சிறு குழந்தைகளும் உண்டு. மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்கள். முதலில் கண்டவர்கள் உள்ளூர் மீனவர்கள். பாஷை புரியாவிட்டாலும் பசி புரிந்தது. சாப்பாடும் தண்ணீரும் போயின. 2009 மே மாதம் அதே கரையில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். ஆள்கடத்தல் என்று சொல்லி, மியான்மருக்கே திருப்பி அனுப்பும் பேச்சை இலங்கை அரசு எடுத்தது. 2025 ஜனவரியில் முல்லைத்தீவு மக்கள் அதை எதிர்த்துப் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார்கள். கேப்பாப்புலவு எப்படிப்பட்ட ஊர்? 2017இல், விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு, முகாம் வாசலிலேயே பெண்களும் பிள்ளைகளும் ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் கிடந்த ஊர். அந்த மாவட்டத்துச் சனம்தான் மொழியும் மதமும் வேறான ஒரு கூட்டத்துக்காகக் குரல் கொடுத்தது.

குமரி மாவட்டத்தில் ரோஹிங்கியா என்ற சொல் பொதுமேடையில் வருவதே அபூர்வம். வடசேரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாராவது எடுத்தால், "நம்ம பாடே பெரும்பாடா கெடக்கு, இதுல பர்மாக்காரனுக்கு என்னடே?" என்று பேச்சு முடிந்துவிடும். இதை நான் நையாண்டி செய்ய மாட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில் எங்கள் மாவட்டத்து வரலாற்றிலேயே கிடக்கிறது. அதைத்தான் 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் மேடை போட்டுக் கொண்டாடினோம். தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் நின்று தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டைப் பேசினார்கள். பெருமை நிறையப் பேசப்பட்டது. அந்த உரிமை எத்தனை தவணையாக, எவ்வளவு அரைகுறையாக வந்தது என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

கதை 1822இல் தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அதற்குப் பத்தாண்டு முன்பே அதன் முடிச்சு விழுந்துவிட்டது. ரிங்கல்தௌபே பாதிரியார் 1806இல் மயிலாடிக்கு வந்தபின் கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று, திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்குள்ளேயே இரண்டு வேலிகள் இருந்தன. ஒன்று, மதம் மாறியவர்களுக்கு மட்டும். இரண்டாவது, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடும் குப்பாயம் என்ற மேற்சட்டை மட்டும். மேல்சாதிப் பெண்கள் போடும் தோள்சீலை ஆகாது. அதாவது மறைத்துக்கொள், ஆனால் உன்னை யாரும் வேறாளாக நினைத்துவிடாதபடி மறைத்துக்கொள்.

பெண்கள் இந்த வேலிகளை மதிக்கவில்லை. குப்பாயத்துக்கு மேலே சீலையும் போட்டார்கள். மதம் மாறாத பெண்களும் போட்டார்கள். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிச் சந்தைகளில் அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. மீட் பாதிரியார் முதலானோர் வழக்குக்குப் போக, 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்ததே, பிரச்சினை தீர்ந்ததா? 1827இலிருந்து மறுபடியும் கலவரம். ஜெபக் கூடங்கள் எரிந்தன. 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் பிரகடனம் வந்தது: நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை போடக் கூடாது, கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் மட்டும் உண்டு. நீதிமன்றம் கொடுத்ததை அரண்மனை ஆறே ஆண்டில் சுருக்கிவிட்டது. அதிலிருந்து இன்னும் முப்பது ஆண்டு.

இதற்கிடையே சாமித்தோப்பில் அய்யாவழியின் வைகுண்டர் வேறு வழி பிடித்தார். உத்தரவுக்குக் காத்திராமல், பதி என்ற வழிபாட்டிடத்துக்குள் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். எல்லாச் சாதிக்கும் பொதுவாகக் கிணறு வெட்டினார். அதற்காக அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். மனுப் போட்டுக் கேட்பது ஒரு வழி, கேட்காமலே நடப்பது இன்னொரு வழி. இரண்டும் சேர்ந்துதான் தர்பாரை அசைத்தன என்பது என் கணிப்பு.

1858 கடைசியில் மூன்றாவது சுற்று வெடித்தது. மறுபடியும் சந்தைகள், மறுபடியும் எரிந்த ஜெபக் கூடங்கள். அப்போது ரெசிடெண்டாக இருந்தவர் ஜெனரல் கல்லன். சமஸ்தானத்து வழக்கங்களில் தலையிட அவருக்கு விருப்பம் இல்லை. லண்டன் மிஷன் பாதிரியார்கள் அவரைத் தாண்டி மதராஸுக்கு எழுதினார்கள். அங்கே கவர்னராக வந்திருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கல்லனையும் தர்பாரையும் நெருக்கினார். 1859 ஜூலை 26 அன்று பிரகடனம் வந்தது. அதிலும் ஒரு வால் ஒட்டியிருந்தது: நாடார் பெண்கள் எம்மதத்தவராயினும் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணி சுற்றலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது. மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு அன்று அதுவும் இல்லை. அவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து உதவ வந்த யாரும் புண்ணியத்துக்காக மட்டும் வரவில்லை. மிஷனுக்குத் தன் சபைக் கணக்கு இருந்தது, மதராஸுக்குத் தன் ராஜ்ஜியக் கணக்கு. ஆனால் சந்தையில் துணி கிழிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கடிதங்கள் தேவைப்பட்டன. "இது எங்கள் உள்விவகாரம்" என்று ஆள்பவர் சொல்லும்போது, வெளியே இருந்து ஒருவர் எழுதாமல் எந்தக் கொடுமையும் சீக்கிரம் முடிந்ததில்லை. மியான்மர் ராணுவம் இன்றும் அதே பாட்டைத்தான் பாடுகிறது. ஆசியான் நாடுகள் தலையிடாக் கொள்கை என்று சொல்லி ஒதுங்குகின்றன.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்த உடை பற்றிய அத்தியாயத்தையே என்சிஇஆர்டி 2019இல் எடுத்துவிட்டது. ஆகவே நாம் மறந்தால் குற்றம் முழுக்க நம்முடையது என்றும் சொல்ல முடியாது.

ரோஹிங்கியாக்களுக்கு நடந்ததும் தவணை தவணையாகத்தான். தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கலாம்: நே வின். 1962இல் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கி, லட்சக்கணக்கான இந்தியர்களை, அவர்களில் பெரும்பங்கு தமிழர்களை, கையில் கிடைத்ததோடு கப்பலேற வைத்தவர். சென்னை பர்மா பஜார் அப்படி உண்டானதுதான். அதே நே வின் ஆட்சிதான் 1978இல் அரக்கானில் ராணுவத்தை ஏவி, சுமார் 2 லட்சம் ரோஹிங்கியாக்களை வங்கதேசத்துக்குத் துரத்தியது. 1982இல் குடியுரிமைச் சட்டம் எழுதியது. அங்கீகரிக்கப்பட்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு ஊர் விட்டு ஊர் போக அனுமதி, கல்யாணத்துக்கு அனுமதி, எல்லாம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்தார்கள். அப்போது மியான்மர் அரசை நடத்திய ஆங் சான் சூச்சி 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்துக்குப் போய் ராணுவத்துக்காக வாதாடினார். வழக்குப் போட்டது எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியா.

இப்போது நிலைமை இன்னும் சிக்கல். குடியுரிமை தர மறுத்த அதே ராணுவம், 2024இல் ரோஹிங்கியா இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்தது. ராணுவத்தை எதிர்த்துச் சண்டையிடும் அரக்கான் ஆர்மியும் ரோஹிங்கியா ஊர்களை விட்டுவைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட இனத்தின் பெயரில் ஆயுதம் தூக்கியவன் தனக்குக் கீழே இருப்பவனைக் காப்பாற்றுவான் என்ற உத்தரவாதம் எங்கும் கிடையாது.

இனி நம் பக்கம். 1964இல் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது, நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். 1983க்குப் பின் வந்தவர்கள் அகதி முகாம்களுக்குப் போனார்கள். குமரி மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் அந்த முகாம்கள் இன்றும் உண்டு. ஊரில் யாருக்காவது வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டுமென்றால் "காம்ப்ல பெயிண்டர் கிடைப்பான்" என்பார்கள். அந்தப் பெயிண்டர் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்திருக்கலாம். ஆனாலும் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையையும் மியான்மரையும் ஒரே மூச்சில் வெளியே நிறுத்தியது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள் அடுத்தடுத்து வந்தன. தில்லியில் பிடிக்கப்பட்ட சுமார் 40 ரோஹிங்கியாக்கள் அந்தமான் வழியாகக் கொண்டுபோகப்பட்டு, மியான்மர் கரைக்கருகே உயிர்காப்புச் சட்டையோடு கடலில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பது ஒரு வழக்கின் குற்றச்சாட்டு. ஐ.நா.வின் மியான்மர் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் அதை விசாரிக்கத் தொடங்கினார். நீதிமன்றமோ அந்தக் கதையை நம்பத் தயாராக இல்லை. சில நாளிலேயே, தண்டனை முடிந்தபின் இங்கேயே இருக்க அனுமதி கேட்ட ஓர் ஈழத்தமிழரின் மனு வந்தது. இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று சொல்லி இன்னொரு அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. முதல் வழக்கில் பேசாமலிருந்த தமிழ்நாடு இரண்டாவதில் கொதித்தது. இரண்டும் ஒரே கதவுதான் என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நல்ல செய்தி, வரவேற்கிறேன். ஆனால் அது விலக்கு; குடியுரிமை இல்லை. உத்தரவாக வந்தது உத்தரவாகவே போகவும் கூடும். எனக்கு 1829தான் நினைவுக்கு வருகிறது.

என் வாதம் இவ்வளவுதான்: "நம்ம ஆளுக்கு மட்டும்" என்று கேட்டு வாங்குவது குப்பாய உத்தரவு. அகதி யார், அவருக்கு என்ன பாதுகாப்பு, யார் முடிவு செய்வது, யாரிடம் மேல்முறையீடு என்று ஒரு சட்டம் இருந்தால் பழவிளைக்காரரும் பிழைப்பார், கேளம்பாக்கம் புயல் பாதுகாப்பு மையத்தில் பத்தாண்டுக்கும் மேலாகக் காலம் தள்ளும் ரோஹிங்கியாக் குடும்பங்களும் பிழைக்கும். அந்தச் சட்டத்துக்கு மாதிரிகூடத் தயாராக இருக்கிறது. பக்கத்துத் திருவனந்தபுரத்து எம்.பி. சசி தரூர் 2015இலும் 2022இலும் தனிநபர் மசோதாவாகப் புகலிட மசோதா கொண்டுவந்தார். கேட்பாரில்லை.

பாதுகாப்புக்கு ஆபத்து என்பார்கள். மத்திய அரசும் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் அதையேதான் சொன்னது. குற்றம் செய்தவன் மீது வழக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஒருசிலர் செய்ததற்காக ஒரு சனத்தையே சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்பது 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டு முகாம்கள் அனுபவித்தது. கல்விச் சலுகைகள் பறிபோயின. திரும்பிப் போகச் சொல்லி நெருக்குதல் வந்தது.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு தடையும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே எந்தக் கோரிக்கையையும் முதலில் மதம் பார்த்துத்தான் எடைபோடுகிறார்கள். தக்கலையிலோ திருவிதாங்கோட்டிலோ ஒரு ஜமாஅத் ரோஹிங்கியாவுக்காகக் கூட்டம் போட்டால் "அது அவங்க விஷயம்" ஆகிவிடும். அதனாலேயே இது ஜமாஅத்தோடு மட்டும் நிற்கக் கூடாது. சபைகள், பதிகள், கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகள், மீனவர் சங்கங்கள் முன்னால் வரவேண்டும். ஒக்கிப் புயலில் கடலில் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த சனம் இது. அதன்பிறகுதான் முதல்வரும் பிரதமரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்கு எதிராக இந்தியா 2012இலும் 2013இலும் வாக்களித்ததற்குத் தமிழ்நாட்டுத் தெருக்களின் சத்தமும் ஒரு காரணம். மியான்மர் பற்றி 2021 ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது இந்தியா ஒதுங்கி நின்றது. ரக்கைனில் (அரக்கானின் இன்றைய பெயர்) இந்தியா கட்டிய சிட்வே துறைமுகம் தில்லியின் நாக்கைக் கட்டுகிறது. அந்த மௌனத்தை எதிர்த்து இங்கிருந்து ஒரு சத்தமும் எழவில்லை.

அடுத்த கிராம சபை கூடும்போது உங்கள் ஊராட்சியில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: அகதிகளுக்கு மதம், நாடு பாராத தேசியச் சட்டம் வேண்டும், அது வரும்வரை உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பழவிளையையும் கேளம்பாக்கத்தையும் அதில் பெயர் சொல்லியே எழுதுங்கள். ஒரு நகலைக் கன்னியாகுமரி எம்.பி.க்கு அனுப்புங்கள்.