கூலிங் அதிகமானாலும் கோளாறுதான்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக பத்து பாகாட் வட்டாரத்தில் குளிர்பதனப் பெட்டி பழுது பார்த்து வருகிறேன். "ஐஸ்பெட்டி கூலிங் இல்லைங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்றுதான் எப்போதும் அழைப்பு வரும். "கூலிங் ரொம்ப அதிகமா இருக்கு" என்று சொல்லி இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. போன மாதம் பாரிட் ராஜா பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததை அதனால்தான் முதலில் எழுதுகிறேன். கேள்வி அனுப்பிய வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகளுக்கும் வருகிறேன்.

அந்த வீட்டுக்கு நான் போனது துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்க. வேலை முடிந்ததும் அந்த அம்மா தேநீர் கலக்கப் பால் எடுக்கப் போனார். ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த இரண்டு கதவுப் பெட்டி அது. "ரொம்ப நல்ல பெட்டி தம்பி. பாருங்க, வெள்ளரிக்காய்கூட கல்லு மாதிரி ஆயிடும்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கீழ்ப் பகுதியில் வைத்த வெள்ளரிக்காய் ஏன் உறைய வேண்டும்? எட்டிப் பார்த்தேன். மேல் தட்டில், பின் சுவரில் குளிர்காற்று வரும் துவாரத்துக்கு முன்னாலேயே, அவருடைய இன்சுலின் பேனாக்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த மருந்தில் ஊசி ஊசியாக ஐஸ்.

"சர்க்கரை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க? ரெண்டு மாசமா இறங்க மாட்டேங்குது. கிளினிக்ல அளவைக் கூட்டிட்டாங்க. நானும் சோத்தைப் பாதியாக் குறைச்சிட்டேன். பலகாரம் கையால தொடுறதில்ல. அப்பவும் நான்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடுறேன்னு மக திட்டுது" என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் மருந்து அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள்: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் வீரியத்தை நம்ப முடியாது. உருகிய பிறகு பார்ப்பதற்குப் பழையபடியே தெரிவதுதான் இதில் ஆபத்து. அந்த அம்மா காலையில் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளித்து, சாமி கும்பிட்டு வருவதற்குள் ஐஸ் உருகிவிடும். அதனால் அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை.

உடனே மகளுக்கு அழைத்துப் பேசினேன். இருப்பதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள், இன்றைக்கே கிளினிக்கில் போய் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். புது மருந்தைக் கூட்டிய அளவிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம், முதலில் அவர்களிடம் கேளுங்கள் என்பதையும் இரண்டு முறை சொன்னேன். வேலை செய்யாத மருந்துக்காகக் கூட்டிய அளவு அது. நல்ல மருந்தை அதே அளவில் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். மறுமுனையில் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அம்மாவை நான் எவ்வளவு திட்டிட்டேன் அண்ணே" என்றார்.

பெட்டியில் என்ன கோளாறு என்று கேட்பீர்கள். ஐஸ் கட்டாத இரண்டு கதவுப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் குளிர் உண்டாவது மேலே ஐஸ் அறைக்குப் பின்னால் ஒரே இடத்தில்தான். ஒரு மின்விசிறி அந்தக் காற்றைத் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு ஒரு சின்னக் காற்றுக் கதவு வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த அம்மா வீட்டில் அந்தச் சின்னக் கதவில் ஐஸ் படிந்து, மூட முடியாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. ஐஸ் அறைக் காற்று நேராக இன்சுலின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸை உருக்கி, கதவைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சில பெட்டிகளில் கதவு சிக்கவே வேண்டாம், திருகியை அதிகம் திருகினாலே போதும். கையால் திருகும் மாடல்களில் இரண்டு திருகிகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்று கம்ப்ரஸரை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும், மற்றது காற்றை மேலுக்கும் கீழுக்கும் பங்கு பிரிக்கும். நம்மவர்கள் இரண்டையும் கடைசி எண்ணுக்குத் திருகிவிட்டு, "நல்லா கூல் ஆகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். நடுவில் வையுங்கள். ஒருநாள் கழித்துப் பார்த்து, தேவையென்றால் ஓர் எண் மட்டும் மாற்றுங்கள்.

கைவைத்துப் பார்த்துச் சூட்டைச் சொல்ல என்னாலும் முடியாது. சில வெள்ளிக்கு ஒரு பெட்டித் தெர்மோமீட்டர் கிடைக்கிறது. ஒரு கிளாஸ் தண்ணீரில் அதை நிற்க வைத்து, நடுத்தட்டில் ஓர் இரவு விட்டுக் காலையில் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்லது. ஐஸ் அறைக்கு மைனஸ் 18. வீட்டில் இன்சுலின் இருந்தால் 2 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. மருந்தை மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, நடுத்தட்டின் முன்பக்கமாக வையுங்கள். பின் சுவரை ஒட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விகள். அதிகம் வந்தது இது: "மேலே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, கீழே கூலிங்கே இல்லை. கேஸ் முடிந்துவிட்டது என்கிறார்கள்."

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கேஸ் என்பது காடிக்கு ஊற்றும் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் பணம் வாங்குவது என் தொழிலில் நடக்கும் அநியாயம். ஒரே பெட்டிக்கு ஓராண்டில் மூன்று முறை கேஸ் ஏற்றிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஏற்றிய ஆள் யார் என்று கேட்டேன், அந்த வீட்டுக்காரர் சொல்லவில்லை. சொந்தக்காரப் பையனாக இருக்க வேண்டும்.

மேலே குளிர்ந்து கீழே குளிராவிட்டால் நான் முதலில் சந்தேகிப்பது பின்பக்கம் ஐஸை உருக்கும் அமைப்பைத்தான். ஐஸ் கட்டாத பெட்டி என்கிறோமே தவிர, அதுவும் உள்ளே கட்டத்தான் செய்யும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் சூடாகி அதை உருக்கிவிடும், நமக்குத் தெரியாது. ஹீட்டரோ, அதன் சென்சாரோ, டைமரோ கெட்டால் பனி சுவர்போல் வளர்ந்து காற்று வழியை அடைத்துவிடும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாமான்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே துணி விரிக்க மறக்க வேண்டாம். மீண்டும் போட்டதும் சில நாள் நன்றாக ஓடி, பழையபடி கீழே சூடானால் கோளாறு உருக்கும் அமைப்பில்தான். கேஸில் இல்லை. இந்த உதிரிபாகங்களுக்கு ஆகும் செலவு புதுப் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஐஸை மட்டும் கத்தியால் சுரண்டாதீர்கள். ஒற்றைக் கதவுப் பெட்டியில் அந்தத் தகட்டுக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. இந்த ஒரு காரணத்தால் செத்துப்போன பெட்டிகளை எண்ணினால் ஒரு லாரி நிறையும். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற கேஸ், பின்னால் ஒட்டிய தாளில் போட்டிருக்கும். அது தீப்பற்றக்கூடியது. உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் கத்தியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

காய்கறி இழுப்பறைக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பின்னால் உள்ள வடிகால் துளை அடைத்திருக்கும். கறிவேப்பிலை போதும் அதை அடைக்க. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி விடுங்கள். கதவோரம் வியர்த்தால் ரப்பரைப் பாருங்கள். ஒரு வெள்ளித் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பல நேரம் அதில் ஒட்டியிருப்பது சம்பல் பிசுக்குதான், சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தாலே பிடித்துக்கொள்ளும். கடலோர ஊர் நம்முடையது, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. பெட்டியின் பக்கச் சுவர் லேசாகச் சுடுவதும் கோளாறு அல்ல. உள்ளேயிருந்து எடுத்த சூடு வெளியே வரும் வழி அது. சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும்.

பின்னால் "டிக்" என்று சத்தம், சில விநாடி உறுமல், மறுபடியும் "டிக்" என்றால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் தவிக்கிறது. ரிலே கெட்டிருக்கலாம். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும், சுவர்ச் சக்கெட்டில் நேராக மாட்டிப் பாருங்கள். இடி மழையில் கரண்டு போய்ப் போய் வந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, நிலையான பிறகு ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாக அந்த நேரம் வேண்டும். கரண்டு இல்லாதபோது கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைய சாமான் உள்ள ஐஸ் அறை இரண்டு நாள்வரை தாங்கும். பெட்டியைத் திறந்து திறந்து "இன்னும் சில்லுன்னு இருக்கா?" என்று தொட்டுப் பார்ப்பவர்கள் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாக வெள்ளம். யோங் பெங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். 2006 டிசம்பரிலும் அடுத்து 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச் மாதம் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மற்ற இடங்களில் தண்ணீர் வடிந்த பிறகும் நம் மாவட்டத்தில் வாரக்கணக்கில் வடியவில்லை. அந்த நாள்களில் வீட்டுக்குத் திரும்பியவர்கள் முதலில் தரையைக் கழுவினார்கள். அடுத்து ஐஸ்பெட்டி ஓடுகிறதா என்று பிளக்கைப் போட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்ப்ரஸரும் அதன் மின் இணைப்புகளும் பெட்டியின் பின்புற அடியில் இருக்கின்றன. முழங்கால் அளவுகூட வேண்டாம், ஓரடித் தண்ணீரே அவற்றை மூழ்கடித்துவிடும். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே சேறும் ஈரமும் இருக்கும், உடம்பில் மின்சாரம் பாயலாம். ஆளைக் கூப்பிட்டுப் பிரித்துக் காயவைத்துச் சோதித்த பிறகுதான் போட வேண்டும். வெள்ளத் தண்ணீர் பட்ட உணவு எதுவானாலும் குப்பைக்குத்தான். சுவர்களுக்குள் உள்ள நுரைப்பஞ்சு ஊறி நாற்றம் பிடித்துவிட்டால், நான் பழுது பார்க்கும் கூலியை வாங்குவதில்லை. வேறு பெட்டி பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

தண்ணீர் ஏறும் முன்பே செங்கல்மேல் உயர்த்தி வைக்கலாம். படுக்க வைத்துத் தூக்க நேர்ந்தால், நிமிர்த்திய பிறகு எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பிவர சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். இடம் மாறும் பையில் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் இன்சுலினும் இருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவைச் சில வாரங்கள் வெளியில் வைக்கலாம், எத்தனை நாள், எத்தனை டிகிரிவரை என்பது மருந்துக்கு மருந்து மாறும். அட்டையைப் பாருங்கள், அல்லது மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டு அதன்மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அதை ஐஸ் கட்டிகளோடு சேர்த்துக் கட்டி எடுத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், இடையில் ஒரு துண்டாவது சுற்றுங்கள்.

பாரிட் ராஜா அம்மாவுக்கு கிளினிக்கில் புது மருந்து கொடுத்து, அளவையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மகள் ஒரு தெர்மோமீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தினமும் காலையில் அதைப் படம் பிடித்து மகளுக்கும் எனக்கும் வாட்சாப்பில் அனுப்பிவிடுகிறார். நேற்று வந்த படத்தில் 5 டிகிரி. கீழே, "ஒண்ணு கூடிடுச்சு தம்பி, பரவாயில்லையா?" என்று குரல்பதிவு. பரவாயில்லைம்மா என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல்பதிவு வந்தது: "அப்ப வெள்ளரிக்காயை எங்க வைக்கிறது?"