'ஓடிபி வருதே, அது போதாதா?': டெவலப்பர் அக்கவுன்ட்டுக்கு இரண்டாவது பூட்டு போடும் முன் தெரிய வேண்டியவை

சென்னையில் படிச்சு, கொல்கத்தா சால்ட் லேக் செக்டார் ஃபைவில் முதல் வேலை. சேர்ந்த வாரமே டீம் லீட் சொல்லுவார்: "கிட்ஹப் அக்கவுன்ட்ல டூ ஃபேக்டர் போட்டுடுங்க." க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, ஆறு இலக்க எண்ணை அடிச்சுட்டு மறந்துவிடுவோம். ஆனால் அந்த இரண்டு நிமிட வேலையில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மேற்கு வங்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு டேப்லெட் வாங்க அரசு 10,000 ரூபாய் தரும் 'தருணேர் ஸ்வப்னோ' திட்டத்தில், 2024 நவம்பரில் பல மாணவர்களின் பணம் வேறு யாருடைய வங்கிக் கணக்குக்கோ போய்விட்டது. கொல்கத்தா போலீஸ் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. பள்ளிகளின் லாகின் விவரங்களைப் பயன்படுத்தி கணக்கு எண்கள் மாற்றப்பட்டதாக விசாரணையில் சொல்லப்பட்டது. சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தால், உள்ளே வருவது யார் என்று கணினி கேட்பதில்லை.

கிட்ஹப், கோடு எழுதிப் பங்களிப்பவர்கள் எல்லோரும் 2023 முடிவதற்குள் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு வர வேண்டும் என்று 2022 மே மாதம் அறிவித்தது இதனால்தான். உங்கள் அக்கவுன்ட் திருடு போனால் நஷ்டம் உங்களுக்கு மட்டுமில்லை, உங்கள் கோடை நம்பி ஆப் கட்டியவர்களுக்கும்தான்.

சரி, ஆறு இலக்க எண் வந்துவிட்டால் நிம்மதியா? இல்லை.

2025 செப்டம்பரில் என்பிஎம் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். 'உங்கள் டூ ஃபேக்டரைப் புதுப்பிக்காவிட்டால் செப்டம்பர் 10 முதல் அக்கவுன்ட் பூட்டப்படும்' என்று ஒரு டெவலப்பருக்கு மெயில் வந்தது. முகவரியில் 'டாட் காம்' இருக்க வேண்டிய இடத்தில் 'டாட் ஹெல்ப்'. பாதுகாப்பின் பெயரைச் சொல்லியே பாதுகாப்பை உடைத்தார்கள், கில்லாடிகள்! அவர் போலிப் பக்கத்தில் விவரங்களைக் கொடுத்ததும், சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் கோடு ஏறிவிட்டது. இவை எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் டவுன்லோடு ஆகிறவை. சில மணி நேரத்தில் கண்டுபிடித்ததால் சேதம் குறைவு.

எங்கே ஓட்டை? ஆப் காட்டும் எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். ஆனால் அதை எந்தத் தளத்தில் அடிக்கிறீர்கள் என்பது அந்த ஆப்புக்குத் தெரியாது. போலிப் பக்கம் அதை வாங்கி, அதே விநாடியில் உண்மையான தளத்தில் போட்டுவிடும். எஸ்எம்எஸ் ஓடிபிக்கும் இதே கதை, கூடவே சிம் ஸ்வாப் மோசடி வேறு. பாஸ்கீ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அது தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது, நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. அந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு, ஆறு இலக்க எண்ணைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறப்போவதாக என்பிஎம்மை நடத்தும் கிட்ஹப்பும் அறிவித்தது.

ஆகவே கிட்ஹப் செட்டிங்ஸில் 'பாஸ்வேர்டு அண்ட் ஆதென்டிகேஷன்' பக்கம் போய் ஆதென்டிகேட்டர் ஆப்பைச் சேர்த்ததோடு நிறுத்தாதீர்கள். பாஸ்கீயும் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, பலரும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுகிற ரெக்கவரி கோடுகள். கிட்ஹப் 16 கோடுகள் தரும். போன் தொலைந்து, அவையும் இல்லையென்றால் அக்கவுன்ட்டை மீட்டுத் தர முடியாது என்று கிட்ஹப் சப்போர்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. அதே போனில் ஸ்க்ரீன்ஷாட்டாக வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது மாதிரி. பிரின்ட் எடுத்து சர்டிஃபிகேட் ஃபைலில் வையுங்கள். பழைய வழிதான், ஆனால் ஹேக் பண்ண முடியாது.

டோக்கன்களையும் ஒருமுறை பாருங்கள். லேப்டாப்பில் சேமித்திருக்கும் ஆக்சஸ் டோக்கனிடம் யாரும் ஓடிபி கேட்பதில்லை. அதே செப்டம்பரில் பரவிய 'ஷாய் ஹுலுட்' என்ற வைரஸ், டெவலப்பர்களின் கணினியில் கிடந்த டோக்கன்களைத் திருடித்தான் ஒரு பேக்கேஜிலிருந்து அடுத்ததுக்குத் தாவியது. காலாவதி தேதி இல்லாத டோக்கன் உங்கள் லிஸ்டில் இருந்தால், இன்றைக்கே டெலீட் பண்ணிடுங்க.