பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை

எண்ணெய் கொட்டி மண்ணோ கரையோ கறுத்துப்போனால், அதைத் தின்னும் பாக்டீரியாவைத் தூவினால் போதும் என்ற பேச்சு உடனே கிளம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கையைப் பரப்பியதில் ஒரு வழக்குக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் திறன் தரும் பல பிளாஸ்மிட்களை (சிறு டி.என்.ஏ. வளையங்களை) ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை தரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980-இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உயிரித்தொழில்நுட்பத் தொழிலுக்கே கதவைத் திறந்த தீர்ப்பு அது. அந்த பாக்டீரியாவோ ஒரு கசிவையும் துடைக்கக் களமிறக்கப்படவில்லை.

அதற்குத் தேவையும் பெரிதாக இல்லை. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்றவை சாதாரண மண்ணிலேயே இருக்கின்றன. எண்ணெய் கிடைத்ததும் தாமாகப் பெருகுகின்றன. தட்டுப்பாடெல்லாம் வேறு இடத்தில். எண்ணெய் கார்பனைத் தரும். உடலை வளர்க்கத் தேவையான நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் போதிய அளவு தராது. ஹைட்ரோகார்பன் மூலக்கூறை உடைக்கும் முதல் படியிலேயே இந்த பாக்டீரியாக்களின் நொதிகள் அதில் ஆக்சிஜனைச் சேர்த்தாக வேண்டும். காற்றில்லாத சேற்றிலும் சிதைவு நடக்கும், ஆனால் மிக மெதுவாக. 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் உரம் தெளித்து, அங்கிருந்த பாக்டீரியாக்களையே முடுக்கிவிட்டார்கள். மேற்பரப்பில் பலன் தெரிந்தது. காற்று புகாத அடிமணலில் சிக்கிய எண்ணெய் பல இடங்களில் பத்தாண்டுகள் கடந்தும் கிடந்தது.

டெரி ஆய்வு நிறுவனத்தின் ‘ஆயில்சாப்பர்’ என்ற பாக்டீரியாக் கலவை நம் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசடைக் குறைக்கிறதே என்று கேட்கலாம். குறைக்கிறது, மறுப்பதற்கில்லை. அங்கே கசடைப் பரப்பி, உழுது, ஈரம் காத்து, ஊட்டமும் சேர்க்கிறார்கள். பாக்டீரியா பொடியை மட்டும் தூவிவிட்டுப் போவதில்லை. நச்சு மிகுந்து உள்ளூர் நுண்ணுயிர்கள் செத்துப்போன இடத்தில் வெளியிலிருந்து சேர்ப்பதற்கு நியாயமும் உண்டு. அப்போதும் அஸ்பால்டீன் போன்ற கனமான பகுதி பெரும்பாலும் மிஞ்சும். உழவே முடியாத இடங்களும் உண்டு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றில் இறங்கிய எண்ணெய், எண்ணூரின் அலையாத்தி வேர்களில் படிந்தது. அந்தச் சேற்றை உழ முடியாது, உழுதால் வேரே போய்விடும். அங்கே எல்லாம் முதல் சில நாட்களில் எவ்வளவு எண்ணெயை அள்ளி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த வேலையைத்தான் மீனவர்கள் வாளியும் கையுமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.